யூலாலி பாபினோ வாய் திறக்காத வருஷம்

பாயூ கனார் ஓடையின் இரண்டு கரைகளிலும் யூலாலி பாபினோவை வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், அது பொய்யில்லை. பிரசங்கம் நீண்டுவிட்டது என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவள் அவள். அடுத்த வீட்டு அசேலியின் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை போன வருஷம் வேறொரு வீட்டிலும் பெண் பார்க்கப் போய்க் காபி குடித்து உட்கார்ந்திருந்த கதையைப் பந்தியிலேயே போட்டு உடைத்தாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமும் ஒரு நாளும் ஒரே ஒரு விஷயத்தைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள் என்றால் எங்கள் ஆட்கள் இன்றும் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன். அந்த வருஷம் அவளைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

1922இல் அவளுக்கு முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவளும் அவள் அம்மா க்ளெமான்ஸும் மட்டும்தான். அண்ணன் திபூர்ஸ் செத்து மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. அவன் விட்டுப்போன பொறிகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். விடிவதற்கு முன்பே தட்டைத் தோணியைக் கழியால் தள்ளிச் சதுப்புக்குள் போவாள். நீரெலிகள் புல்லுக்குள் ஓடி ஓடி உண்டாக்கிய தடங்களில் பொறி வைப்பாள், விழுந்ததை எடுத்துக்கொண்டு வந்து தோலுரிப்பாள், தோலை உள்பக்கம் வெளியே வரும்படி பலகையில் மாட்டிக் காயவைப்பாள். ஆண்களே முனகிக்கொண்டு செய்கிற வேலை. அவள் முனகவில்லை, திட்டிக்கொண்டே செய்தாள்.

சதுப்பில் ஏது பத்திரம்? யார் எல்லை எதுவரை என்பதை நாணல் கம்புகள்தான் சொல்லும். பாபினோக்களின் புல்லுக்கும் அயலாரான கிட்ரிகளின் புல்லுக்கும் நடுவே ஒரு கம்பு வரிசை இருந்தது. திபூர்ஸ் செத்த வருஷம் யூலாலி அந்தக் கம்புகளைப் பிடுங்கி, கிட்ரி பக்கமாக நாற்பது அடி தள்ளி நட்டாள். ஒனெசிம் கிட்ரியின் பக்கம் எலி கூடுதலாக விழுந்தது, அவளுக்கு வயிறு எரிந்தது. வேறு காரணம் கிடையாது. நாலு நாள் கழித்து ஒனெசிம் வந்து கம்புகளைப் பழைய இடத்திலேயே நட்டான். திபூர்ஸின் கண்ணில் பட்டது அது மட்டும்தான். அயலான் தன் நிலத்தைத் திருடுகிறான் என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு போனான். போகிறவனை அவள் பார்த்தாள். ‘கம்பை முதலில் நகர்த்தியது நான்தான்’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடி விழும். திபூர்ஸின் அடி எப்படிப்பட்டது என்று அவள் முதுகுக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவனைத் தொண்டை கிழிந்த நிலையில் தூக்கிவந்தார்கள்.

முதலை கடித்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள் அதிகாரிகள். குளிர்காலத்தில் முதலை சேற்றுக்குள் உறங்கும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வாயால் முதலை என்றோம், மனசால் கிட்ரி என்றோம். எல்லோரையும்விட உறுதியாகச் சந்தேகப்பட்டவள் யூலாலி. சந்தேகப்பட்டே ஆகவேண்டும் அவளுக்கு. கொன்றவன் கிட்ரி இல்லையென்றால், அண்ணனை அனுப்பிவைத்த பழி முழுவதும் அவள் தலையில் அல்லவா விழும்?

1922 சனவரியில் அவள் பொறிகளை யாரோ கொள்ளையடித்தார்கள். காலையில் போனால் பொறியில் எலியின் கால் மட்டும் மிஞ்சியிருக்கும். வேறு யார், கிட்ரிதான் என்று முடிவு கட்டினாள். பதினான்காம் தேதி விடிகாலையில் தோலுரிக்கும் கத்தியோடு புல்லுக்குள் படுத்துக் காத்திருந்தாள். மூடுபனி. வந்தது மனிதன் இல்லை. ஆள் உயரம், ஓநாய் முகம், நனைந்த மயிரின் நாற்றம். அது பொறிமேல் குனிந்தபோது அவள் கத்தியை வீசினாள். முன்னங்கால் கிழிந்து ரத்தம் பனிப்புல்லில் சொட்டியது.

கண்ணைச் சிமிட்டித் திறந்தாள். சேற்றில் உடுதுணி இல்லாமல் முழந்தாளிட்டு, இடது முழங்கையைப் பிடித்தபடி ஒனெசிம் கிட்ரி நடுங்கிக்கொண்டிருந்தான்.

ரூகாரு என்கிற ஓநாய்மனிதனைப் பற்றிய சட்டம் எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஏழு வருஷம் ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவனை அந்த மிருகத் தோல் பிடித்துக்கொள்ளும். பகலில் மனிதன், இருட்டினால் மிருகம். யாராவது ஒருவர் அதன் ரத்தத்தைச் சிந்தவைத்தால் மனிதனாகிவிடுவான். ஆனால் ரத்தம் சிந்தவைத்தவர் ஒரு வருஷமும் ஒரு நாளும் அவன் இன்னான் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் தோல் திரும்பி வரும், அப்புறம் எந்தக் கத்தியாலும் கிழியாது.

தோணியில் கிடந்த கோணிச்சாக்கை அவன் மேல் எறிந்தாள்.

“திபூர்ஸைக் கொன்னது நீதானே?”

“தெரியல.”

“தெரியலையா? என்ன பதில்யா அது?”

“விடிஞ்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வாயில ரத்தம் இருக்கும். யாரோடதுன்னு தெரியாது.” சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டான். “சொல்லிடுவியா?”

“சொல்லமாட்டேன்.”

“ஏன்?”

“உன்மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சுக்காதே. மிருகத்தை யாரும் தூக்குல போடமாட்டாங்க. மனுஷனா இருந்தாத்தான் போடுவாங்க. ஒரு வருஷமும் ஒரு நாளும் போகட்டும். அதுக்குள்ள நீ யோசி. அண்ணனைக் கொன்னது நீன்னு தெரிஞ்ச மறுநாள் ஊரைக் கூட்டிச் சொல்றேன்.”

வாய்க்காரி வாயை மூடியதற்குக் காரணம் பழிவாங்கும் வெறிதான். அதை நான் மழுப்பப் போவதில்லை.

அவள் வாக்கை நம்ப ஒனெசிமுக்குப் பைத்தியமா? கண்கொத்திப் பாம்பாக அவளைச் சுற்றினான். அவள் அசேலியின் கடையில் நின்று பேசினால் அவன் வெளியே பீப்பாய் மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அவள் யாருக்கெல்லாம் தலையசைக்கிறாள் என்று எண்ணுவான். அவளும் சளைத்தவள் இல்லை. அவன் தோணி எந்தப் பக்கம் போகிறது, அவன் வீட்டுப் புகை எத்தனை மணிக்கு எழும்புகிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருவரை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டே திரிந்த இரண்டு பேரை ஊர் எவ்வளவு நாள் பார்க்காமல் இருக்கும்?

தவக்காலம் வந்தது. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வது ‘சொல்வது’ ஆகுமா, ஆகாதா? இதை யாரிடம் கேட்பது? சாமியாரிடம் கேட்டாலே பாதி சொன்ன மாதிரி ஆகிவிடும். மறைத்துவிட்டு நற்கருணை வாங்கினால் அது பெரிய பாவம். அவளிடம் மறைப்பதற்கு ஒன்றில்லை, இரண்டு இருந்தன. கம்பு விஷயத்தை மூன்று ஈஸ்டராக விழுங்கி விழுங்கி நற்கருணை வாங்கியிருந்தாள். இந்த முறை அது முடியவில்லை. ஈஸ்டர் பூசையில் எல்லோரும் எழுந்து போக, அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கோவிலே திரும்பிப் பார்த்தது. க்ளெமான்ஸ் மகளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரமே அசேலி தன் ஜன்னல் விளிம்பில் பதிமூன்று பயறு மணிகளை வரிசையாக வைத்தாள். ரூகாருவுக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. பதிமூன்றாவதில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, விடியும்வரை அங்கேயே நின்றுவிடும். அந்தப் பயறு நற்கருணை வாங்காத தனக்காகத்தான் என்று யூலாலிக்கு விளங்கிவிட்டது. கடைக்குப் போனால் அசேலி முட்டைக் கூடையை நகர்த்தி, “கொஞ்சம் எண்ணிக் குடேன், எனக்குக் கண்ணு மங்குது” என்றாள். ஊசியில் நூல் கோக்கிறவளுக்குக் கண் மங்குகிறதாம்! கடையில் இருந்த நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

யூலாலி எண்ணினாள். பன்னிரண்டில் வேண்டுமென்றே நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பதிமூன்று, பதினாலு என்று நாற்பதுவரை போனாள். முட்டை தீர்ந்ததும் ஆட்களை எண்ணினாள்.

“நாப்பத்தஞ்சாவது நீ, அசேலி. அழுகினது.”

சிரிப்பு எழும்பியது. சந்தேகம் போகவில்லை. எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு வீட்டில் பன்றி அடித்து எல்லா வீட்டுக்கும் இறைச்சி பகிர்வார்கள். பாபினோ வீட்டுப் பங்கில் அதற்குப்பின் எலும்புதான் வந்தது. கிட்ரிக்கு மூன்று வருஷமாக அதுவும் கிடையாது.

எலும்பு வந்த மறுநாள் யூலாலியின் படகுத்துறை ஆணியில் ஒரு கெளிறு மீன் தொங்கியது. கொண்டுவந்து மாட்டியது யாரென்று கேட்கத் தேவையில்லை. விஷம் வைத்திருப்பான் என்று அதை நாய்க்குப் போட்டு, சாயங்காலம்வரை நாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நாய் வாலாட்டி இன்னொன்று கேட்டது. இரண்டாவது மீனில் பாதியை நாய்க்கும் பாதியைச் சட்டிக்கும் போட்டாள். மூன்றாவது மீன் வந்தபோது அவனே துறையில் நின்றான்.

“என்னாலதானே உனக்கு இந்த எலும்பு?”

“உன்னால ஒண்ணுமில்ல. என் தொண்டை, என் இஷ்டம். ஞாபகம் வந்துச்சா?”

“இல்ல.”

“வராதா, வரவிடமாட்டியா?”

“வந்தா உன்கிட்டதான் மொதல்ல சொல்வேன்.”

“நம்பிட்டேன், போ.”

கோடை முழுவதும் இந்த விசாரணை நடந்தது. வேலை முடிந்ததும் அவள் தோணியைத் தள்ளிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவாள், எதிரே உட்காருவாள், கேட்பாள். அவன் காபியை வடித்துக்கொடுத்துவிட்டு, ஞாபகம் வந்த துண்டுகளைச் சொல்வான். ஓடை, நிலா, ஒரு கொக்கு. விசாரணைக்குப் போகிறவள் தலைவாரி ரிப்பன் கட்டிக்கொண்டா போகவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவள் அம்மாவும் அதைத்தான் கேட்டாள். யூலாலி ரிப்பனை அவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் மறுபடி கட்டினாள்.

கோவிலை அவன் ஏன் விட்டான் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அவன் அப்பா குடித்துவிட்டு ஓடையில் விழுந்து செத்தபோது, கடைசி மன்னிப்பு வாங்காதவன் என்று மந்திரித்த மண்ணில் இடம் தரவில்லை. வேலிக்கு வெளியே தனியாளாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த ஒனெசிம் அன்றோடு சாமியை விட்டான். “நீங்க ஒருத்தர்கூட வரல” என்றான். அன்று அவளும் போகவில்லைதான். அதைக் கேட்டதும் அவன் கைத்தழும்பை முதல் முறையாகத் தொட்டாள். அவள் கிழித்த இடம்.

“வலிக்குதா?”

“நீ தொடும்போது பயமா இருக்கு. கத்தி எங்க வச்சிருக்கே?”

“இடுப்புலதான்.”

“அப்போ சரி” என்று சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீடு திரும்பும் வழியில் அவள் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். அண்ணனைக் கொன்றவனாக இருக்கலாம் இவன். இருக்கலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்தக் கோடையை வாழ்ந்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். யூலாலி சுண்ணாம்பு வாளியோடு போனபோது திபூர்ஸின் கல்லறை ஏற்கெனவே பாதி வெளுத்திருந்தது. ஒனெசிம் சுண்ணாம்பு மட்டையும் கையுமாக மண்டியிட்டிருந்தான். 

“ஞாபகம் வந்திருச்சு” என்றான்.

“சொல்லாதே.”

“நான்தான். அவன் சுட்டான், படல. நான் பாய்ஞ்சேன். என் பேரைச் சொல்லிக் கத்தினான், யூலாலி. என்னைத் தேடித்தான் வந்திருந்தான். நான் எதிர்லயே நிக்கிறேன்னு அவனுக்குத் தெரியல.”

“இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. இப்பவே ஏன்யா சொன்னே? முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதா?”

“முடிஞ்சப்புறம் சொன்னா நான் தப்பிச்சுட்டுச் சொன்ன மாதிரி. நீ என்னை நம்ப ஆரம்பிச்சுட்டே. அதான் தாங்கல.”

வாளியைத் தூக்கி எறிந்தாள். அது கல்லில் பட்டு உருண்டது. சுண்ணாம்பு இருவர் காலிலும் வழிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அசேலி மட்டையோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை, பார்த்ததே போதுமாக இருந்தது.

அதன்பின் யூலாலி அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இனி சந்தோஷப்படவேண்டியதுதான். சாப்பாடு இறங்கவில்லை. அவனை வெறுத்தாள், அதே மூச்சில் அவன் வீட்டுப் புகை எழும்புகிறதா என்று பார்த்தாள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் கம்பு விஷயத்தை அவனிடம்கூடச் சொல்லவில்லை. கல்லறை முன்னால் அவன் மண்டியிட்டிருந்தபோது, கூட நிற்கவேண்டியவள் வாளியை எறிந்துவிட்டு வந்திருந்தாள். அது ஒன்றுதான் அவளை அரித்தது.

சனவரி பதினைந்து. தவணையின் கடைசி நாள், பொழுது சாயும்வரை. பன்றி அடிக்கும் முறையும் அன்று பார்த்துப் பாபினோ வீட்டுக்கு வந்திருந்தது. ஊர் வந்தது, ஆனால் முற்றத்தில் அவளைவிட்டுப் பத்தடி தள்ளியே நின்று வேலை செய்தது. கொப்பரையில் கொழுப்பு வெடித்துக்கொண்டிருந்தது. குடலில் அடைக்க வேண்டிய ரத்தத்தை உறையவிடாமல் கிளறுகிற வேலை யூலாலிக்கு. கிளறிக்கொண்டே சூரியனைப் பார்த்தாள். அது இறங்க இன்னும் இரண்டு முழம் இருந்தது.

க்ளெமான்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் எதிரே நின்றாள். கத்திகள் நின்றன.

“ஏண்டி, கல்லறையில அவன்கூட என்ன பேச்சு உனக்கு? ஊர் முன்னால கேக்கறேன். உன் அண்ணனைக் கொன்னது கிட்ரிதானே? உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் நிம்மதியாச் சாகறேன்.”

ஒரே வார்த்தை. அது பொய்யும் இல்லை. சொன்னால் அம்மாவுக்கு நிம்மதி, ஊரில் இவளுக்கு மறுபடி இடம், பங்கில் மறுபடி இறைச்சி. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதனுக்கு இனி என்றைக்கும் கிழியாத தோல். ஆண்கள் கத்தியை மாற்றிப் பிடித்தார்கள். அசேலி உதட்டை நனைத்துக்கொண்டாள்.

“அண்ணனைச் சாக அனுப்பினது நான்” என்றாள் யூலாலி. “கம்பை நகத்தினது நான்தான்மா. நாப்பது அடி. கிட்ரி பழைய இடத்துலதான் திருப்பி நட்டான். அண்ணன் துப்பாக்கி எடுத்துட்டுப் போறப்போ நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். அடிக்குப் பயந்து வாயை மூடிட்டேன். இத்தனை நாளும் பழி அவன்மேல இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஒரு மறைவு மிச்சம் இருந்தது. ஆனால் அவளுக்குச் சொந்தமான உண்மையில் ஒரு சொல்கூடக் குறையவில்லை.  க்ளெமான்ஸ் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தாள். பேச்சில் கை நின்றுபோய் ரத்தம் கட்டி தட்டியிருந்தது.

“இனி இது ஒண்ணுக்கும் ஆகாது” என்றாள். “நீயும் போ. என் கண்ணு முன்னால நிக்காதே.”

உடுத்த துணியோடு தோணியில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. கழியைக் குத்தித் தள்ளினாள். எங்கே போகிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை, தோணி கிட்ரி துறையில் போய் நின்றது.

ஒனெசிம் சட்டைக்கையை மடக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஒரு அடி பின்னால் போனான்.

“சொல்லிட்டியா?”

“சொன்னேன். உன்னைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி.”

“நம்பலாமா?”

“நம்பாதே. கையையே பாத்துட்டு இரு.”

அவள் படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். சூரியன் புல்லைத் தொட்டிருந்தது. இருவரும் அந்தக் கையை, அதன் மயிரை, நகத்தை, வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

“அன்னிக்கு எல்லைக் கம்பை நகத்தினது நான்” என்றாள், கையைப் பார்த்தபடியே.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“புல்லுக்குள்ள இருந்து நீ நகத்தறதைப் பாத்துட்டுதான் இருந்தேன். திபூர்ஸ் துறையில வந்து ‘எவன்டா கம்பைத் தொட்டது’ன்னு கத்தினப்போ நான்னுதான் சொன்னேன்.”

“ஏன்? என் பேரைச் சொல்லியிருந்தா அவன் உன்னைத் தேடியே வந்திருக்கமாட்டானே! நாம ஜென்ம விரோதி, உனக்கு என்ன வந்துச்சு?”

“அவன் அடிச்சு உன் கன்னம் வீங்கினதைக் கோவில்ல ரெண்டு தடவை பாத்திருக்கேன். மூணாவது தடவை என்னால வேணாம்னு நெனச்சேன்.”

யூலாலி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அண்ணன் செத்தன்றும் அழாதவள் படியில் குனிந்து கத்திக் கத்தி அழுதாள். ஒனெசிம் தொடலாமா கூடாதா என்று தயங்கினான். சூரியன் புல்லுக்குள் இறங்கி முடிந்தது. தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு அதை அவள் முதுகில் வைத்தான்.